கொன்றவர்களைத் தெரியும், காக்க வேண்டியவர் எங்கே போனார்?

கேள்வி இதுதான்: "ஒரு நாட்டில் சிறுபான்மை மதத்தவரின் வழிபாட்டுத் தலத்தில் குண்டு வெடிக்கிறது. இன்னொரு நாட்டில் ஊரோடு சேர்த்து எரிக்கிறார்கள். உலகத் தலைவர்கள் கண்டிக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். கண்டனத்தைத் தாண்டி உலகம் என்னதான் செய்ய வேண்டும்? படை அனுப்ப வேண்டுமா, தடை விதிக்க வேண்டுமா, அகதிகளை ஏற்க வேண்டுமா?"

இந்த மூன்றுக்கும் இடமுண்டு, எதுவும் தனியாகப் போதாது. இத்தகைய படுகொலைகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. கொலைவெறி பிடித்த சிலர் எந்தச் சமூகத்திலும் இருப்பார்கள். அந்தச் சிலரால் ஒரு சமூகத்தையே வேரறுக்க முடிகிறது என்றால், அந்த மக்களைக் காக்கும் பொறுப்பில் இருந்த யாரோ ஒருவர் விலகி நின்றிருக்கிறார். அவர் போலீஸ் அதிகாரியாக இருக்கலாம், படைத் தளபதியாக இருக்கலாம், அமைச்சராகவோ பெரிய நிறுவனத்தின் தலைவராகவோ இருக்கலாம். கொலையாளியைத் தேடும் அதே முனைப்போடு அந்த ஆளையும் தேடிப் பிடித்து, விலகி நின்றதற்குப் பதில் சொல்ல வைப்பதுதான் உலகம் செய்ய வேண்டிய வேலை. இதைத்தான் நாம் மிகக் குறைவாகச் செய்கிறோம்.

சிஞ்சாரில் நடந்ததைப் பாருங்கள். வடக்கு இராக்கில், சிரியா எல்லையை ஒட்டிய மலைப்பகுதி அது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் யாசிதிகள். மிகப் பழைய நம்பிக்கை ஒன்றைக் காத்துவருபவர்கள்; சாத்தானை வழிபடுபவர்கள் என்று நூற்றாண்டுகளாக அவதூறு சுமந்தவர்கள். 2014 ஜூன் மாதமே மோசூல் நகரம் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத அமைப்பிடம் விழுந்துவிட்டது. அடுத்து எங்கே வருவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 3 அதிகாலையில் அவர்கள் சிஞ்சாருக்குள் நுழைந்தபோது, அந்தப் பகுதிக்குக் காவலாக இருந்த குர்து பெஷ்மர்கா படையினரில் பலர் பின்வாங்கிச் சென்றுவிட்டார்கள். ஊர் மக்களுக்கு முறையான தகவல் இல்லை, வெளியேறுங்கள் என்ற உத்தரவும் இல்லை. ஐ.நா. விசாரணைக் குழு 2016-ல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு விஷயமே தெரிந்தது.

பல்லாயிரம் பேர் மலைமீது ஏறினார்கள். ஐம்பது டிகிரியைத் தொடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் குழந்தைகளும் முதியவர்களும் மடிந்தார்கள். மலைக்குத் தெற்கே இருந்த கோச்சோ கிராமத்தவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அந்த ஊர் ஏறக்குறைய இரண்டு வாரம் முற்றுகையில் கிடந்தது. ஊராரிடம் செல்பேசிகள் இருந்தன. வெளியில் இருந்தவர்களோடு பேசினார்கள், கெஞ்சினார்கள். அமெரிக்க விமானங்கள் மலைமேல் உணவும் தண்ணீரும் போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் இந்த ஊரை யாரும் எட்டவில்லை. ஆகஸ்ட் 15 அன்று எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டி, நூற்றுக்கணக்கான ஆண்களைத் தனியே பிரித்துச் சுட்டுக் கொன்றார்கள். இளம் பெண்களையும் சிறுமிகளையும் அடிமைகளாக விற்றார்கள். விற்க முடியாது என்று கருதிய வயதான பெண்களைக் கொன்று புதைத்தார்கள். பின்னாளில் 2018-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்ற நாதியா முராத் அந்த ஊர்க்காரர். சிஞ்சார் பகுதி முழுவதிலும் கடத்தப்பட்ட பெண்களும் குழந்தைகளும் ஆறாயிரத்துக்கும் மேல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

கோச்சோவில் என்ன நடக்கப்போகிறது என்பது உலகத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதைத் தடுப்பது யாருடைய வேலை என்பதற்குத்தான் பதில் இருக்கவில்லை. இன்றுவரை அந்தப் பின்வாங்கலுக்காக எந்தச் சர்வதேச நீதிமன்றமும் யாரையும் விசாரித்ததில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் மௌனமாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1948-ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கை, தண்டிப்பதோடு தடுப்பதையும் அரசுகளின் கடமையாக வைத்திருக்கிறது. அந்தக் கடமை எப்போது தொடங்குகிறது? போஸ்னியா செர்பியாமீது தொடுத்த வழக்கில் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் 2007-ல் இதற்கு விடை சொன்னது. கடுமையான ஆபத்து இருப்பதை ஓர் அரசு அறிந்த கணத்திலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய கணத்திலிருந்து, கடமை தொடங்கிவிடுகிறது. வெற்றி பெற்றாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கையில் இருந்த வழிகளையெல்லாம் பயன்படுத்தினாயா என்று கேட்கிறது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்ததைத் தடுக்கத் தவறியதால் செர்பியா உடன்படிக்கையை மீறியது என அந்த வழக்கில் அறிவிக்கப்பட்டது.

ஸ்ரெப்ரெனிட்சா ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஊர். 1995 ஜூலையில் அங்கே டச்சு அமைதிப் படையினர் இருந்தும் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தஞ்சம் என்று அந்தப் படையின் முகாமுக்குள் வந்திருந்த ஆண்களும் வெளியேற்றப்பட்டார்கள். 24 ஆண்டுகள் கழித்து, அவர்களில் 350 பேரின் மரணத்தில் தன் நாட்டு அரசுக்குப் பத்து சதவீதப் பொறுப்பு உண்டு என்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து சதவீதம் என்பது தாய்மார்களுக்கு நெஞ்சில் குத்தியது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் வேடிக்கை பார்த்ததற்கு ஒரு நீதிமன்றம் கணக்குப் போட்டது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களிலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. சுமார் 270 பேர் இறந்தார்கள். தாக்குதலுக்கு இரண்டு வாரத்துக்கும் முன்பே, ஏப்ரல் 4 அன்று, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. குண்டு வைத்த இஸ்லாமியத் தீவிரவாதக் கும்பலின் தலைவனைப் பற்றி, அவன் ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களே அதற்கு முன்பு அதிகாரிகளிடம் புகார் செய்திருந்தார்கள். எச்சரிக்கை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்தது. தேவாலய வாசலுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்றது. அப்போதைய போலீஸ் தலைவரும் அரசு உளவுப் பிரிவின் தலைவரும் தலா ஏழரைக் கோடி கொடுக்க வேண்டும் என்றது. "தன் சொந்தப் பணத்திலிருந்து" என்ற இடத்தில்தான் இந்தத் தீர்ப்பின் உயிர் இருக்கிறது. அரசுக் கஜானாவிலிருந்து இழப்பீடு கொடுத்தால் யாருக்கும் வலிப்பதில்லை. அதிகாரியின் பெயரும் அவருடைய வங்கிக் கணக்கும் தீர்ப்பில் வந்தால், அடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை அடுத்த அதிகாரி மேசை அறைக்குள் போட்டு மூடமாட்டார்.

அதே இலங்கையில் குண்டுவெடிப்புக்குச் சில வாரங்கள் கழித்து, மே மாதத்தில், வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் தாக்கின. குண்டு வைத்தவர்களைப் பற்றி முன்கூட்டியே புகார் செய்த அதே சமூகம் அவர்களின் பாவத்தைச் சுமந்தது. தீவிரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை என்ற பெயரில் இன்னொரு சிறுபான்மையைத் தண்டிப்பதை, எந்த நாட்டில் நடந்தாலும், தாக்குதலின் தொடர்ச்சியாகவே உலகம் பார்க்க வேண்டும்.

சரி, தாக்குதலுக்கு முந்திய நாள்வரை போவோம். வன்முறை குண்டோடு தொடங்குவதில்லை. மியான்மரில் ரோஹிஞ்சா முஸ்லிம்களின் கதை காகிதத்தில் தொடங்கியது. 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட இனங்களின் வரிசையில் சேர்க்கவில்லை. 2012 கலவரத்துக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை ரோஹிஞ்சா என்று சொல்லிப் பதிவு செய்துகொள்ள அனுமதி இல்லை. 2015-ல் கையில் இருந்த தற்காலிக அட்டையும் செல்லாது என்றாகி வாக்குரிமை போனது. இவ்வளவும் உலகத்தின் கண்முன் நடந்தது. அந்த ஆண்டுகளில்தான் மியான்மர் ஜனநாயகத்துக்குத் திரும்புகிறது என்று பல நாடுகள் தடைகளைத் தளர்த்தி முதலீட்டுக்கு வரிசையில் நின்றன. 2017 ஆகஸ்ட் 25 அன்று ரோஹிஞ்சா ஆயுதக் குழு ஒன்று போலீஸ் சாவடிகளைத் தாக்கியதைக் காரணம் காட்டி ராணுவம் ரோஹிஞ்சாக்கள் வாழும் ரக்கைன் மாநிலத்தில் இறங்கியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்களை நிலத்திலிருந்து நீக்குவது ராணுவத்துக்கு எளிதாக இருந்தது.

ஆகவே குடியுரிமைச் சட்டங்களையும் தனிப் பதிவேடுகளையும் உள்நாட்டு விவகாரம் என்று ஒதுக்குவதை உலகம் நிறுத்த வேண்டும். பாகிஸ்தானில் 1974-ல் அரசமைப்புத் திருத்தம், தங்களை முஸ்லிம்கள் என்றே கருதும் அகமதியா பிரிவினரை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தது. 1984-ல் வந்த அவசரச் சட்டம் அவர்கள் தம் தொழுகைக்கான அழைப்பை விடுப்பதையே குற்றமாக்கியது. 2010 மே 28 அன்று லாகூரில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது அவர்களின் இரண்டு வழிபாட்டிடங்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் தீவிரவாதிகள்தான். ஆனால் இவர்கள் இலக்கு என்று முதலில் அடையாளம் காட்டியது சட்டப் புத்தகம்.

இங்கே வெளிநாடுகளுக்கு ஒரு பிடி உண்டு, அது வர்த்தகம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் பாகிஸ்தானுக்குச் சிறப்பு வரிச் சலுகை தருகிறது. மனித உரிமை உள்ளிட்ட 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பின்பற்றுவது அதற்கு நிபந்தனை. மதநிந்தனைச் சட்டம் தவறாகப் பயன்படுவதைச் சுட்டி அந்தச் சலுகையை மறுபரிசீலனை செய்யுமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. சலுகை தொடர்ந்தது. சலுகையைப் பறித்தால் முதலில் வேலை இழப்பவர்கள் ஜவுளி ஆலைத் தொழிலாளர்கள், அவர்களில் சிறுபான்மையினரும் இருப்பார்கள். ஆகவே ஒட்டுமொத்தமாக வெட்டுவதை நானும் ஆதரிக்க மாட்டேன். நிபந்தனையை எழுதி வைத்துவிட்டு ஆண்டுதோறும் கண்டுகொள்ளாமல் விடுவதையும் ஏற்க முடியவில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பல நாடுகளில் உள்நாட்டு நீதிமன்றங்களே வேண்டியதைச் சொல்லிவிட்டன. பெஷாவர் தேவாலயத்தில் 2013-ல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் 19 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. சிறுபான்மையினரின் வழிபாட்டிடங்களைக் காக்கத் தனிப் போலீஸ் படை வேண்டும், வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்கு நடவடிக்கை வேண்டும், பாடத்திட்டத்தில் சகிப்புத்தன்மை வேண்டும் என்று வரிசையாகக் கட்டளையிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் ஜரான்வாலாவில் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களைக் கும்பல் சூறையாடியது. இந்தியாவில் கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும், தவறும் அதிகாரிமீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று சொன்னது. வெளிநாட்டுத் தூதர் வந்து மனித உரிமை பேசினால் "அந்நியத் தலையீடு" என்று கதவைச் சாத்திவிடலாம். "உங்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன ஆயிற்று?" என்ற கேள்விக்கு அப்படிச் சாத்த முடியாது. ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும், ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அது. காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1984-ல் டெல்லியில் நடந்த சீக்கியர் படுகொலை சாட்சி. அதில் ஒரு பெரிய அரசியல்வாதிக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில், 34 ஆண்டுகள் கழித்து. அதற்குள் சாட்சிகளில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

படை அனுப்புவது பற்றிக் கேட்டீர்கள். முற்றுகையில் மக்கள் சிக்கியிருக்கும்போது ஆயுதம் தேவைதான். சிஞ்சார் மலையில் விமானத் தாக்குதலும், சிரியா பக்கமிருந்து வந்த குர்துப் படையினர் திறந்துவிட்ட பாதையும் சேர்ந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தன. அதை மறுப்பது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம். தன் மக்களைக் காக்க ஓர் அரசு தவறினால் உலகம் அந்தப் பொறுப்பை ஏற்கும் என்று 2005-ல் ஐ.நா. உச்சி மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. 2011-ல் லிபியாவில் மக்களைக் காப்பதாகத் தொடங்கியது ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. அதன் பிறகு அந்த வாக்குறுதியை நம்புவோர் குறைந்துவிட்டார்கள். உடைந்து கிடந்த அதே லிபியாவின் கடற்கரையில்தான் 2015-ல் எகிப்தியக் காப்டிக் கிறிஸ்தவர்கள் இருபது பேரையும் அவர்களோடு நின்ற ஒரு கானா நாட்டவரையும் ஐ.எஸ். கொன்றது. எனவே பாதை திறக்கப் படை செல்லலாம், ஆட்சியை மாற்றச் செல்லக் கூடாது என்பது என் நிலைப்பாடு. இந்தக் கோட்டைக் காப்பது கடினம் என்பதும் தெரியும்.

நீதிமன்றங்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். அதற்குக் காரணம் ஒரு வழக்கு. 2015-ல் இராக்கின் ஃபலூஜாவில் ஐ.எஸ். உறுப்பினர் ஒருவன் தான் அடிமையாக வாங்கிய ஐந்து வயது யாசிதிச் சிறுமியைக் கொளுத்தும் வெயிலில் சங்கிலியில் கட்டிப் போட்டான். குழந்தை இறந்தது. தாய் அதைப் பார்க்க நேர்ந்தது. அவன் இராக்கியன், குற்றம் நடந்ததும் இராக்கில், பிடிபட்டது கிரீஸில். விசாரணை நடந்தது ஜெர்மனியின் பிராங்பர்ட்டில். இனப்படுகொலை போன்ற குற்றங்கள் எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்று ஜெர்மனி 2002-லேயே சட்டம் செய்து வைத்திருந்தது. தாய் சாட்சி சொன்னார். 2021 நவம்பர் 30 அன்று அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. யாசிதிகளுக்கு எதிரான குற்றத்தை இனப்படுகொலை என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பில் எழுதியது உலகிலேயே அதுதான் முதல் முறை. இராக்கில் ஆயிரக்கணக்கான ஐ.எஸ். உறுப்பினர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் தீவிரவாத அமைப்பில் இருந்தார்கள் என்ற ஒற்றைக் குற்றச்சாட்டின் பேரில். அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலானவற்றில் யாசிதிப் பெண்ணுக்கு நடந்தது ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. அவள் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவதும் அரிது. ஜெர்மனி போன்ற சட்டத்தை இன்னும் இருபது நாடுகள் இயற்றி, அதை நடத்த வழக்கறிஞர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் அமர்த்தினால், தீவிரவாதிக்கு ஒளிய இடம் சுருங்கும்.

அரசே குற்றவாளியாக இருந்தால்? காம்பியா வழி காட்டியது. இருபது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட, மியான்மரிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடு. அதன் அப்போதைய நீதித்துறை அமைச்சர் அபூபக்கர் தம்படு ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் பணியாற்றியவர். வங்கதேச முகாமில் ரோஹிஞ்சாக்களின் வாக்குமூலங்களைக் கேட்டபோது ருவாண்டா அவர் நினைவுக்கு வந்தது. 2019 நவம்பரில் காம்பியா மியான்மர்மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நேரடியாகப் பாதிக்கப்படாத நாட்டுக்கு வழக்காட உரிமை இல்லை என்று மியான்மர் வாதிட்டது. 2022 ஜூலையில் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது: உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும் கேட்கலாம். நம்மால் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கும் சிறிய நாடுகளுக்கு இனி அந்தச் சாக்கு இல்லை.

வெறுப்புப் பேச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் முயல்கிறேன். மியான்மரில் ரோஹிஞ்சாக்களுக்கு எதிரான வெறுப்பு ஃபேஸ்புக்கில் பெருக்கெடுத்தது. 2015-ன் தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைச் சரிபார்த்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் பின்னர் வெளிப்படுத்தியது. ராணுவத் தளபதியின் கணக்கை நிறுவனம் நீக்கியது 2018 ஆகஸ்டில், வெளியேற்றம் நடந்து ஓராண்டு கழித்து. தன் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று அந்த நவம்பரில் ஒப்புக்கொண்டது. ஒரு மொழியில் விளம்பரம் விற்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அந்த மொழியில் கொலைமிரட்டலைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்குவதில் என்ன தயக்கம்?

அதே நேரம் ஓர் எச்சரிக்கை. "மத உணர்வைப் புண்படுத்தினார்" என்ற சட்டங்கள் பெரும்பாலும் சிறுபான்மையினரின் கழுத்தையே இறுக்குகின்றன. பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் அத்தகைய குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்று, 2018-ல் விடுதலையாகும்வரை ஏறக்குறைய பத்தாண்டுகள் சிறையில் இருந்தார். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011-ல் சுட்டுக் கொன்றவன் அவருடைய மெய்க்காவலனே. ஐ.நா. ஆதரவில் 2012-ல் உருவான ரபாத் செயல்திட்டம் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. பேசியவர் யார், எந்தச் சூழலில் பேசினார், நோக்கம் என்ன, என்ன சொன்னார், எவ்வளவு பேரை எட்டியது, உடனடித் தீங்கு நேர வாய்ப்புண்டா என்று ஆறையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மதநிந்தனைச் சட்டங்களை நீக்கவும் சொல்கிறது. நம்பிக்கையைக் காப்பது வேறு, நம்புகிற மனிதர்களைக் காப்பது வேறு. சட்டத்தின் வேலை இரண்டாவது.

தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட அரசுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் நியூசிலாந்தைச் சொல்வேன். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் வெள்ளை இனவெறியன் ஒருவன் 51 பேரைக் கொன்றான். ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் மாறியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அரசு விசாரணை ஆணையத்தின் அறிக்கை. உளவுத் துறையின் கவனம் பொருத்தமற்ற அளவுக்கு ஒரே வகைத் தீவிரவாதத்தின்மீது குவிந்திருந்தது என்றும், கொலையாளிக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கியதில் போலீஸ் உரிய தரத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்றும் அது எழுதியது. கண்காணிப்பு முஸ்லிம்களை நோக்கியே இருந்தது. அவர்களைக் கொல்ல வந்தவன் உரிமத்தோடு துப்பாக்கி வாங்கினான். பிரதமரும் அரசும் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள்.

அகதிகள் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. "எங்கள் மதத்தவரை மட்டும் முதலில் எடுப்போம்" என்று ஒரு நாடு சொல்லும்போது, அங்கேயே தங்கியிருப்பவர்கள் அந்நியரின் ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். 2017-ல் அமெரிக்கா அப்படியொரு முன்னுரிமையை அறிவித்தபோது, இராக்கின் கல்தேயக் கிறிஸ்தவத் தலைவர் லூயிஸ் சாக்கோவே அதை மத்தியக் கிழக்குக் கிறிஸ்தவர்களுக்கு வைக்கப்படும் பொறி என்றார். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் வேறு விதமாகச் செய்தது. ஐ.எஸ். பிடியிலிருந்து தப்பிய பெண்கள், குழந்தைகள் சுமார் 1,100 பேரை 2015 முதல் வரவழைத்து மனநல சிகிச்சையோடு குடியமர்த்தியது. தேவைதான் அளவுகோலாக இருந்தது. நாதியா முராத் அப்படி வந்தவர்தான். 2023 ஜனவரியில் ஜெர்மன் நாடாளுமன்றம் யாசிதிகளுக்கு நடந்தது இனப்படுகொலை என்று ஏற்றது. அதன் பிறகும் சில யாசிதிகள் இராக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது என்னால் ஜீரணிக்க முடியாத செய்தி. சிஞ்சாரில் வீடுகள் இன்னும் இடிந்து கிடக்கின்றன, பல்லாயிரம் பேர் இன்னும் குர்திஸ்தான் முகாம்களில் கூடாரத்தில் இருக்கிறார்கள். ஊர் திரும்ப வீடும், நிலப் பத்திரமும், நம்பத்தக்க காவலும் வேண்டும். கேமராக்கள் போன பிறகு வர வேண்டிய பணம் இதற்குத்தான்.

உலகம் என்பது அரசுகள் மட்டும்தானா? 2014 நவம்பரில் கென்யாவின் மந்தேரா பகுதியில் சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாத அமைப்பினர் ஒரு பஸ்ஸை நிறுத்தி, முஸ்லிம் அல்லாதவர்களைப் பிரித்து 28 பேரைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே பகுதியில் இன்னொரு பஸ் நிறுத்தப்பட்டது. இம்முறை முஸ்லிம் பயணிகள் பிரிந்து நிற்க மறுத்தார்கள். பெண்கள் தங்கள் தலைத்துணிகளைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். கொன்றால் எல்லாரையும் கொல்லுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள் என்றார்கள். அவர்களில் ஒருவரான சலா ஃபாரா என்ற ஆசிரியர் குண்டடிபட்டு அடுத்த மாதம் இறந்தார். ஓராண்டுக்கு முன் நடந்ததை அந்தப் பயணிகள் அறிந்திருந்தார்கள். அடுத்த முறை வந்தால் என்ன செய்வது என்று மனத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். நைஜீரியாவின் கடூனாவில் 1992 கலவரத்தில் எதிரெதிர்த் தரப்பில் நின்று, ஒருவர் கையையும் மற்றவர் தன் குருவையும் இழந்த பாதிரியார் ஜேம்ஸ் வூயேவும் இமாம் முகமது அஷாஃபாவும் 1995 முதல் சேர்ந்து சமாதானப் பணி செய்கிறார்கள். இத்தகையவர்களுக்குத் தரும் உதவி, குண்டு வீசுவதற்கு ஆகும் செலவில் ஒரு துளி.

தனி மனிதராக நீங்கள் என்ன செய்யலாம் என்றால், உங்கள் மதத்தவர் தாக்கியபோது பேசுங்கள். தாக்கப்பட்டபோது பேசுவது எல்லாருக்கும் தானாக வரும். உங்கள் ஊரில் போலீஸ் அதிகாரி விலகி நின்றால் அவர் பெயரைக் கேளுங்கள். உத்தரவு எண்ணைக் கேளுங்கள். கொலைக் காட்சி வீடியோவைப் பகிராதீர்கள். கொலையாளி அதை எடுத்ததே பகிர்வதற்காகத்தான்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓக் கிரீக் குருத்வாராவில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஆறு சீக்கியர்களைச் சுட்டுக் கொன்றான். அப்போது எஃப்.பி.ஐ.யின் வெறுப்புக் குற்றப் படிவத்தில் சீக்கியர் என்று குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. அடுத்த மாதம் செனட் குழுவின் முன், தாயை இழந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் சாட்சி சொன்னான். தன் தாயை ஒரு புள்ளிவிவரமாக ஆக்கும் கண்ணியத்தையாவது தாருங்கள் என்று அவன் அரசிடம் கேட்டான். 2015 முதல் அந்தப் படிவத்தில் சீக்கியருக்கும் இந்துவுக்கும் கட்டங்கள் இருக்கின்றன.